கடலைமிட்டாய்ப் படத்துக்கு எந்த சாஃப்ட்வேர்?

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். கோவில்பட்டி கடலைமிட்டாயைப் பற்றி ஐந்து நிமிஷப் படம். கம்ப்யூட்டர் லேபில் புரொஜெக்டரைப் போட்டு முதல் தடவை ஓட்டினோம். கருப்புத் திரையில் தலைப்பு வந்தது. 'கோவில்பட்டி' என்ற சொல்லில் 'க' முதலில் நிற்கிறது. அதற்கு முன்னால் வர வேண்டிய இரட்டைக் கொம்பு, காலோடு சேர்ந்து பின்னால் போய் நிற்கிறது. 'கடலை'யில் ஐகாரக் குறியும் இடம் மாறிக் கிடக்கிறது. "டீச்சர், எழுத்து ஒடைஞ்சு போயிருக்கு" என்றாள் தலைப்பு அடித்த பெண். முகம் சுருங்கிவிட்டது அவளுக்கு.

அவள் சரியாகத்தான் அடித்திருந்தாள். தப்பு மென்பொருளில். யூனிகோடில் 'கோ' என்று அடிக்கும்போது கம்ப்யூட்டருக்குள் முதலில் 'க' போகும், அதன் பின்னால் ஓகாரக் குறி போகும். அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது, திரையில் எழுத்தைக் காட்டுகிற மென்பொருளின் வேலை. ஆங்கிலத்தில் அந்த வேலையே கிடையாது. அடித்த வரிசையில் எழுத்துகள் நின்றுவிடும். நம் மொழிகளை நினைத்துப் பார்க்காமல் செய்த எடிட்டர்களில் தமிழ் இப்படித்தான் உதிர்ந்து விழும்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எந்த எடிட்டிங் மென்பொருளைத் திறந்தாலும் முதல் வேலையாக 'கோவில்பட்டி கடலைமிட்டாய் கொடுக்கும் ஸ்ரீ பௌர்ணமி' என்று ஒரு வரி அடித்துப் பார்ப்பேன். பொருளே இல்லாத வரிதான். ஆனால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், ஔகாரம், ஸ்ரீ எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இந்த ஒரு வரி திரையில் ஒழுங்காக நின்றால்தான் அந்த மென்பொருளில் வேறு என்ன இருக்கிறது என்றே பார்ப்பேன்.

டிசம்பர், ஜனவரி வந்தால் பெற்றோர்களிடமிருந்து போன் வரும். "டீச்சர், பிள்ளைக்கு வீடியோ ப்ராஜெக்ட்டாம். கத்துக்கிறதுக்கு ஈஸியா எந்த சாஃப்ட்வேர் போடட்டும்?" ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. வீட்டில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது, நெட் இருக்கிறதா, படம் தமிழிலா, எத்தனை நாளில் கொடுக்க வேண்டும் என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு எளிதாக இருப்பது அடுத்த வீட்டுக்கு எளிதாக இருப்பதில்லை. அதனால் இன்று எல்லாவற்றையும் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

எளிது என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பட்டன்கள் குறைவாக இருப்பதையோ, திறந்ததும் திரை அழகாக இருப்பதையோ நான் எளிது என்று எடுத்துக்கொள்வதில்லை. இதுவரை எடிட்டிங்கே செய்யாத ஒரு பிள்ளை, ஒன்றரை மணி நேரத்துக்குள், போனில் எடுத்த மூன்று கிளிப்பை உள்ளே கொண்டுவர வேண்டும். வேண்டாததை வெட்ட வேண்டும். ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும். தன் பெயரைத் தமிழில் போட வேண்டும். தன் குரலைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வெளியே எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும். இவ்வளவும் நடந்தால் அந்தப் பிள்ளைக்கு அது எளிய மென்பொருள்.

கடைசியில் சொன்னேனே, வெளியே எடுத்து இன்னொரு கம்ப்யூட்டரில் ஓட்டுவது, அங்கேதான் பலருக்கும் இடிக்கிறது. எங்கள் பள்ளியிலேயே இன்னொரு குழு, 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு மென்பொருளில் இரண்டு வாரம் வேலை செய்தது. எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திய பிறகுதான் தெரிந்தது, படம் முழுக்க நடுவில் கம்பெனி பெயர் பெரிதாக ஓடும், அதை எடுக்கப் பணம் கட்ட வேண்டும் என்று. பணம் கட்ட அந்தப் பிள்ளைகளிடம் கார்டும் கிடையாது, வீட்டில் கேட்கவும் முடியாது. மறுபடி முதலிலிருந்து வேறொன்றில் செய்தார்கள். அந்த வாரம் அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, முதல் நாள் முதல் வகுப்பிலேயே பத்து வினாடி வீடியோ ஒன்றை எக்ஸ்போர்ட் செய்ய வைத்துவிடுகிறேன். வாட்டர்மார்க் வருகிறதா, கணக்குத் தொடங்கச் சொல்கிறதா, எவ்வளவு நேரம் எடுக்கிறது, எங்கே சேமிக்கிறது, எல்லாம் அந்தப் பத்து வினாடியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது மிஷினுக்கு வருவோம். எங்கள் லேபில் இருப்பவை 4 ஜிபி ரேம் கம்ப்யூட்டர்கள். பிள்ளைகள் வீட்டில் பார்த்தால், அக்காவுக்கோ அண்ணனுக்கோ அரசு கொடுத்த இலவச லேப்டாப் இருக்கும். 2011இல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் சேர்ந்தே வந்தன. பேட்டரி போயிருக்கும், விசைப்பலகையில் நாலு எழுத்து அழிந்திருக்கும். ஆனாலும் ஓடும். இந்த மிஷின்களுக்குத் தகுந்த மாதிரிதான் நான் யோசிக்க முடியும்.

காலேஜ் படிக்கும் அண்ணன் இருக்கிற பையன் கட்டாயம் டாவின்சி ரிசால்வ் பெயரைச் சொல்லுவான். "சினிமாக்காரங்க யூஸ் பண்றது டீச்சர், அதுவும் ஃப்ரீ." அவன் சொல்வது உண்மை. சினிமாவில் நிறம் திருத்துவதற்கான மிஷினாகத் தொடங்கியது அது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கிய பிறகு இலவசப் பதிப்பும் வந்தது. வாட்டர்மார்க் இல்லாமல் 4கே வரை எக்ஸ்போர்ட் செய்யலாம். இவ்வளவு பெரிய ஆயுதத்தைச் சும்மா கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் அது ஓட 16 ஜிபி ரேமும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் வேண்டும். எங்கள் லேபில் அதைத் திறந்தால், திறந்து முடிப்பதற்குள் பீரியட் முடிந்துவிடும். வீட்டில் அப்படி மிஷின் இருந்து, இந்தத் தொழிலுக்கே போக வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசையும் இருந்தால், லீவில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும். ப்ராஜெக்ட் கொடுக்க மூன்று வாரம் இருக்கும்போது வேண்டாம்.

நான் வேலைக்கு வந்த புதிதில் விண்டோஸ் மூவி மேக்கர்தான் எல்லாம். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொள்வார்கள். 2017 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதைத் தருவதை நிறுத்திவிட்டது. இன்றும் ஏதேதோ தளங்களில் அதே பெயரில் கிடைப்பவற்றைத் தொடாதீர்கள். பழைய பெயரைச் சொல்லி வேறு எதையோ உள்ளே இறக்கிவிடும் கோப்புகள் அதில் நிறைய. மூவி மேக்கரின் இடத்துக்கு மைக்ரோசாஃப்ட் 2021இல் கிளிப்சாம்ப் நிறுவனத்தை வாங்கியது. விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில் இப்போது அது கூடவே வருகிறது. வீட்டில் புது லேப்டாப்பும் நல்ல நெட்டும் இருந்தால், வேறு எதையும் தேடாமல் அதைத் திறக்கலாம் என்பது என் கருத்து. இலவசமாகவே 1080பி தரத்தில், வாட்டர்மார்க் இல்லாமல் எடுக்கலாம். கட்டணம் என்று குறி போட்ட இசையையும் படங்களையும் மட்டும் தொடாமல் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால்தான் வேலை நடக்கும். நெட் விட்டுவிட்டு வரும் எங்கள் லேபுக்கு அது சரிப்படவில்லை.

கடைசியில் நாங்கள் வந்து நின்றது ஷாட்கட்டில். பகட்டில்லாத மென்பொருள். திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுத் திரை. மின்னுகிற டெம்ப்ளேட் ஒன்றும் இருக்காது. முதல் நாள் பிள்ளைகளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் நான் சொன்ன தமிழ் வரியை அடித்துப் பாருங்கள், கொம்பும் காலும் அதது இடத்தில் நிற்கும். வாட்டர்மார்க் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்லாது, நெட் கேட்காது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிய உதவியாக இருந்தது வேறொன்று. லேப் கம்ப்யூட்டர்களில் எதையும் நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அது எங்களிடம் இல்லை. ஷாட்கட்டுக்கு நிறுவத் தேவையில்லாத ஒரு பதிப்பு இருக்கிறது. ஜிப் கோப்பை விரித்து, பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். லினக்ஸுக்கும் அதே மாதிரி ஒற்றைக் கோப்பாகக் கிடைக்கிறது.

அது கட்டற்ற மென்பொருளும்கூட. அதாவது, என் பென்டிரைவில் இருப்பதை நாற்பது பிள்ளைகளுக்கும் நகலெடுத்துக் கொடுத்தால் அது திருட்டு ஆகாது. உரிமமே அப்படி எழுதப்பட்டது. பள்ளியில் கற்றதை வீட்டில் அதே மென்பொருளில் தொடரலாம், ஊர் மாறிப் போனாலும் கூடவே எடுத்துப் போகலாம். இதை நான் பெரிதாக நினைக்கிறேன். பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே அரசுப் பள்ளிகளில் 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மன்றங்களில் பிள்ளைகளுக்கு வீடியோ எடிட்டிங் சொல்லிக்கொடுப்பது கேடன்லைவ் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருளில். ஷாட்கட்டும் கேடன்லைவும் உள்ளே ஒரே என்ஜினில் ஓடுபவைதான். கேடன்லைவில் வசதிகள் கூடுதல், அதனால் திரையில் நெரிசலும் கூடுதல். பன்னிரண்டாம் வகுப்பில் ஆர்வமாக வருபவர்களுக்கு அதைக் காட்டுவேன். ஓப்பன்ஷாட் என்று மூன்றாவது ஒன்று உண்டு. மூன்றில் திரை மிகத் தெளிவாக இருப்பது அதில்தான். எட்டாம் வகுப்புப் பிள்ளை நாலைந்து படங்களையும் ஒரு குரலையும் சேர்த்து ஒரு சின்ன வீடியோ செய்ய அது போதும்.

'கிராக்' போட்ட விலையுயர்ந்த மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. கம்ப்யூட்டர் கடைக்காரரே போட்டுக் கொடுத்துவிடுகிறார் என்று சில பெற்றோர்கள் சொல்கிறார்கள். வாங்காதீர்கள். வைரஸ் வரும் என்பது ஒரு பக்கம். காப்பி அடிக்காதே என்று பரீட்சை ஹாலில் நின்று சொல்கிற நான், லேபில் அதை எப்படி அனுமதிப்பேன்? சட்டப்படியே கையில் கிடைப்பது இவ்வளவு இருக்கும்போது அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

ஷாட்கட்டில் நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது மிகக் கொஞ்சம். புது ப்ராஜெக்ட் தொடங்கும்போதே வீடியோ அளவை நாமே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அதைத் தானியங்கியாக விட்டால், முதலில் போடும் கிளிப்பின் அளவையே முழுப் படத்துக்கும் எடுத்துக்கொள்ளும். யாரோ ஒரு கிளிப்பை போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்து, அதுவே முதலில் போய் விழுந்தால், படம் முழுக்க ஒல்லியாக நிற்கும். எங்கள் 4 ஜிபி மிஷின்களில் 720பி, வினாடிக்கு 30 ஃபிரேம். ஸ்மார்ட் போர்டில் பார்க்க அது தாராளம். பிறகு கிளிப்பை டைம்லைனில் இறக்குவது, 'எஸ்' விசையை அழுத்தி வெட்டுவது, வேண்டாத துண்டைத் தேர்ந்தெடுத்து 'எக்ஸ்' அழுத்தி நீக்குவது. 'எக்ஸ்' அழுத்தினால் துண்டு போன இடைவெளியும் தானே மூடிக்கொள்ளும். ஒரு கிளிப் மெல்லக் கரைந்து அடுத்தது வர வேண்டுமா, இரண்டாவதை முதலாவதின் மேல் கொஞ்சம் ஏற்றி வைத்தால் போதும். அவ்வளவுதான் முதல் நாள். எஃபெக்ட் எதையும் காட்டமாட்டேன். காட்டினால் அன்று முழுக்க எழுத்து சுழன்று சுழன்று வருவதிலேயே நேரம் போய்விடும்.

வெட்டுவதை மட்டும் ஒரு வாரம் பழகினாலே பிள்ளைகள் படம் பார்க்கிற விதம் மாறிவிடுகிறது. படத்தில் மிட்டாய்க் கடை அண்ணாச்சி பேசுகிறார், "வெல்லம் தேனியிலருந்து வருது, கடலை நம்ம கரிசக்காட்டுக் கடலை" என்று. அவர் முகத்தையே நாற்பது வினாடி காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தத் தலைப்புப் பெண்ணே கேட்டாள்: "டீச்சர், அவர் வெல்லம்னு சொல்லும்போது வெல்லத்தைக் காட்டுனா என்ன?" குரல் கீழே ஓட, மேல் டிராக்கில் வெல்லம் உடைக்கிற காட்சியை வைத்தாள். எடிட்டிங் என்பதை அந்த இடத்தில் அவள் தானாகவே கண்டுபிடித்துவிட்டாள். எந்த மென்பொருளிலும் இரண்டு வீடியோ டிராக் இருந்தால் இது நடக்கும். இதற்கு இடம் கொடுக்காத மென்பொருளை, எவ்வளவு எளிதாக இருந்தாலும், நான் பரிந்துரைப்பதில்லை.

இப்போது, பிள்ளைகளை அதிகமாக அழவைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். படத்தை முடிக்க இன்னும் நாலு நாள் இருந்தது. கேமரா பிடித்த பையன், வீட்டில் போய் மீதியைச் செய்கிறேன் என்று ப்ராஜெக்ட் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துப் போனான். வீட்டில் திறந்தால் ஒரு கிளிப்பும் இல்லை, எல்லாம் காணவில்லை என்று காட்டுகிறது. காலையில் ஏழு மணிக்கு என் வீட்டு வாசலில் நிற்கிறான். "எல்லாம் அழிஞ்சிருச்சு டீச்சர்."

ஒன்றும் அழியவில்லை. ப்ராஜெக்ட் கோப்பு என்பது ஒரு குறிப்பு மாதிரி. இந்தக் கிளிப்பை இங்கிருந்து எடு, மூன்றாவது வினாடியில் வெட்டு, அதன் பின்னால் அதை ஒட்டு என்று எழுதி வைத்த குறிப்பு. சில நூறு கேபிதான் இருக்கும். வீடியோக்கள் அதற்குள் கிடையாது. அவை லேப் கம்ப்யூட்டரில் அதே இடத்தில் பத்திரமாக இருந்தன. அண்ணாச்சி தன் கடைப் பாகுக் கணக்கை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டைக் கொண்டுபோய் வீட்டில் மிட்டாய் தின்ன முடியுமா? வெல்லமும் கடலையும் கூடப் போக வேண்டும். அவனுக்கு இப்படிச் சொன்னதும் சிரித்துவிட்டான்.

இது எல்லா எடிட்டிங் மென்பொருளிலும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் எங்கள் லேபில் ஒரு விதி உண்டு. படத்தின் பெயரில் ஒரே ஒரு ஃபோல்டர். போனிலிருந்து வந்த வீடியோ, குரல், இசை, தலைப்புப் படம், ப்ராஜெக்ட் கோப்பு எல்லாம் அதற்குள்தான். எடிட்டிங் தொடங்குவதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் உள்ளே போட்டுவிட வேண்டும், தொடங்கிய பிறகு எந்தக் கோப்பின் பெயரையும் மாற்றக் கூடாது. எங்கே கொண்டுபோனாலும் முழு ஃபோல்டரையும் கொண்டுபோக வேண்டும். டெஸ்க்டாப்பில் பாதி, டவுன்லோடில் பாதி என்று கிடந்தால் நான் வேலையைத் தொடங்கவே விடுவதில்லை.

முழு ஃபோல்டர் என்றால் எவ்வளவு இடம் என்று கேட்பார்கள். போனில் 1080பியில் எடுத்தால் சாதாரணமாக ஒரு நிமிஷத்துக்கு 130 எம்பி சுமார் வரும். ஐந்து நிமிஷப் படத்துக்குப் பிள்ளைகள் நாற்பது நிமிஷம் எடுத்திருந்தார்கள். ஐந்து ஜிபிக்கு மேல் ஆயிற்று. அதையே 4கே-யில் எடுத்திருந்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஆகியிருக்கும், எங்கள் மிஷின்களும் நின்று போயிருக்கும். எடுக்கும்போதே கேமரா அமைப்பில் 1080பி, 30 ஃபிரேம் என்று வைத்துவிடச் சொல்லுங்கள். இடம் மிச்சம் பிடிக்கும் 'ஹை எஃபிஷியன்ஸி' என்ற வகை இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அந்த வகைக் கோப்பைப் பிரித்துக் காட்டப் பழைய கம்ப்யூட்டர்கள் திணறும். இன்னொன்று, எடுத்த வீடியோவைக் குழுவுக்குள் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பிக்கொள்ளக் கூடாது. அது சுருக்கி அனுப்பும், படம் மங்கிப்போகும். கேபிள் போட்டு எடுங்கள். முடியாவிட்டால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

போன் வீடியோவில் வேறொரு சிக்கலும் உண்டு. அண்ணாச்சியின் பேட்டி தொடக்கத்தில் சரியாக இருக்கும், மூன்றாம் நிமிஷத்தில் அவர் வாய் ஒரு பக்கம் போக, குரல் ஒரு பக்கம் போகும். போன், வெளிச்சத்துக்கும் வேலைப் பளுவுக்கும் தகுந்தபடி ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுப்பதால் வருவது இது. எடிட்டருக்கு ஒரே சீரான வேகம் வேண்டும். அப்படிப்பட்ட கிளிப்பைப் போட்டதும் ஷாட்கட்டே, எடிட்டிங்குக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடுகிறார்கள், பிறகு குரலை வெட்டி வெட்டி ஒட்ட வைக்கிறார்கள்.

கம்ப்யூட்டரே இல்லாத வீடுகள் உண்டு. அங்கே போன்தான். 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில், எடிட்டிங் செயலியான விவாவீடியோவும் ஒன்று. உலகம் முழுக்கப் பிள்ளைகள் பயன்படுத்தும் கேப்கட்டும் இங்கே கிடையாது. குறுக்கு வழியில் இறக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம். விஎன் என்ற செயலியில் வாட்டர்மார்க் இல்லாமல், இரண்டு மூன்று அடுக்கு வைத்து வேலை செய்யலாம். கைன்மாஸ்டரும் நல்ல செயலிதான், ஆனால் இலவசமாகப் பயன்படுத்தினால் மூலையில் அதன் பெயர் இருக்கும். ஒரு நிமிஷ, இரண்டு நிமிஷ வீடியோவுக்குப் போன் போதும். அதற்கு மேல் போனால் கண்ணும் விரலும் வலிக்கும், போனும் சூடாகும்.

தமிழ் எழுத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் பலரும் மாட்டிக்கொள்வது அங்கேதான். நம் ஊர்க் கல்யாண வீடியோ ஸ்டுடியோக்களில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களை வைத்திருக்கிறார்கள். காரணம் உண்டு. அவற்றில் கொம்பு தனி எழுத்து, கால் தனி எழுத்து. கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே அடிப்பதால் எந்த மென்பொருளிலும் உடையாது. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பிள்ளைகளை நான் யூனிகோடிலேயே பழக்குகிறேன். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரன், பலூ தம்பி, மீரா இனிமை என்று கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாக அழகான தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. விண்டோஸில் நிர்மலா கூடவே வருகிறது.

உங்கள் மென்பொருளில் தமிழ் உடைந்தால் உடனே அதைத் தூக்கிப்போட வேண்டாம். அடோபி பிரீமியர் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் போய், தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து முறையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். வேறு எதிலும் எந்த வழியும் இல்லையென்றால், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த பவர்பாயின்ட் இருக்கிறது. அதில் தலைப்பை அடித்து, அந்தப் பெட்டியின் மேல் வலது கிளிக் செய்து, படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக வரும். அதைக் காட்சியின் மேல் டிராக்கில் வைத்தால் முடிந்தது. லிப்ரே ஆபீஸ் டிராவிலும் இதைச் செய்யலாம். எங்கள் உடைந்த தலைப்பை அன்று சாயங்காலமே இப்படித்தான் சரிசெய்தோம். மென்பொருளை மாற்றியது அதற்குப் பிறகு.

ஒலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். பிள்ளைகள் முதலில் ஒரு சினிமா பின்னணி இசையைப் படம் முழுக்கப் போட்டிருந்தார்கள். யூடியூபில் ஏற்றினால் உரிமைப் பிரச்சினை வரும் என்பதை விளக்கினேன், யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருப்பதைக் காட்டினேன். ஆனால் நான் அவர்களை அனுப்பியது மறுபடியும் கடைக்குத்தான். போனில் ஒலியை மட்டும் பதிவு செய்து வாருங்கள் என்றேன். கடலை வறுபடும் சத்தம், தோல் புடைக்கும் சத்தம், இரும்புச் சட்டியில் வெல்லப்பாகு கொதிக்கும் சத்தம், உருளையால் தட்டையாக்கும் சத்தம், கத்தி வைத்து வில்லை போடும் சத்தம். எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். விவரணைக் குரலை எங்கள் நூலக அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்தோம். புத்தக அலமாரிகள் இருந்ததால் எதிரொலி இல்லை. டைம்லைனில் குரல் ஒரு டிராக், கடைச் சத்தம் ஒரு டிராக். குரல் வரும் இடத்தில் மற்றதைத் தணித்து, குரல் நின்றதும் ஏற்றினார்கள். இசை கடைசிப் பெயர்ப் பட்டியலுக்கு மட்டும்.

இடையில் ஒருநாள் கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு நிமிஷம்தான் தாங்கியது. ஷாட்கட்டை மறுபடி திறந்ததும், தானாகச் சேமித்தது இருக்கிறது, மீட்கவா என்று கேட்டது. அந்தக் கேள்வியைப் பார்த்ததும் ஐந்து பேரும் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

படத்தில் 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த விஷயத்தையும், தாமிரபரணித் தண்ணீரைப் பற்றியும் சொல்லியிருந்தார்கள். முடித்ததும் அண்ணாச்சிக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சனிக்கிழமை மதியம் கடைக்குப் போனோம். பாகு இறக்கி முடித்த நேரம். வேலை செய்யும் அக்காமார் ஆறேழு பேர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். தலைப்பு வந்தது, 'கோவில்பட்டி கடலைமிட்டாய்' என்று, கொம்பும் காலும் சரியாக. அந்தப் பெண் திரையைப் பார்க்கவில்லை, படிக்கிற அக்காமார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி பேசாமல் பார்த்தார். பாகு கொதிக்கும் இடம் வந்தபோது மட்டும் கையை உயர்த்தினார்.

"ஏ பிள்ளைகளா, நிப்பாட்டு. அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போடு."

பையன் பின்னால் இழுத்துப் போட்டான். அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டார்.

"பதம் வந்துருச்சு, கேக்கியா? இப்ப இறக்கணும்."